இறக்கையில் வைத்த பொட்டு

என் மச்சினனுக்கு ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியும். ஆள் ஏறிப் போகிற ஹெலிகாப்டர் இல்லை. தலையிலிருந்து வால்வரை ஒன்றரை முழம் இருக்கும், பேட்டரியில் ஓடும், ரிமோட்டில் பறக்கும். அவன் ஓட்டுவான், நான் பழுது பார்ப்பேன். ஐந்து வருடம் இப்படித்தான் நடந்தது. கைதட்டலெல்லாம் அவனுக்கு, கை அழுக்கெல்லாம் எனக்கு. பெருந்தன்மையாக இருந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் எரிந்தது, மழை பெய்து அவன் பறக்கவிடாத ஞாயிறுகள் மட்டும் நிம்மதியாக இருந்தன.

நாமக்கல்லில் சேலம் ரோட்டில் எனக்கு வீல் பேலன்சிங் கடை. லாரிச் சக்கரத்தை மிஷினில் மாட்டிச் சுழற்றி, எந்தப் பக்கம் கனம் அதிகம் என்று பார்த்து, எதிர்ப்பக்கம் ஈயத் துண்டை அடித்துச் சமன் செய்வது தொழில். இருபது வருடத்துக்கு மேலாகச் சுற்றுகிற பொருளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் ஃபேன் லேசாக ஆடினால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. பந்தியில் பக்கத்து ஆள் பாயசத்தைப் பற்றிப் பேசுவார், நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மச்சினன் என் மனைவியின் ஒரே தம்பி. ராசிபுரத்தில் வீடு, சேலத்தில் அரசாங்க உத்தியோகம். காலையில் போட்டுப்போன சட்டை சாயங்காலம் கசங்காமல் திரும்பி வருகிற ஆள். யாரோ கோயம்புத்தூர்க்காரரிடம் பழசாக அந்த ஹெலிகாப்டரை வாங்கி, இரண்டு வாரம் தானே மல்லுக்கட்டிவிட்டு, ஒருநாள் அட்டைப்பெட்டியோடு என் கடைக்கு வந்தான். மேலே எழும்பும் முன்பே உடம்பெல்லாம் உதறுகிறது என்றான். எனக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. மேலே சுற்றுகிற இரண்டு இறக்கைகளும் ஒரே கனம் இல்லை.

இரண்டு இறக்கைகளையும் கழற்றி, அடிப்பக்கத்தை ஒரே போல்ட்டில் கோத்து, எதிரும் புதிருமாக நீட்டினேன். இரண்டு எவர்சில்வர் டம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போல்ட்டின் இரு முனையும் டம்ளர் விளிம்பில் உட்காரும்படி வைத்தேன். ஒரு பக்கம் தாழ்ந்தது. உயர்ந்த பக்கத்து நுனியில் நகத்தளவு டேப் ஒட்டினேன். அப்போதும் பழைய பக்கமே தாழ்ந்தது. கொஞ்சம் கூட ஒட்டி, கத்திரியால் மயிரிழை மயிரிழையாக நறுக்கினேன். கடைசியில் தராசு முள் நிற்பதுபோல நின்றது. லாரிச் சக்கரத்தில் செய்வதைத்தான் செய்தேன், ஈயத்துக்குப் பதில் டேப். அவன் கடைவாசலிலேயே வைத்து ஓட்டிப் பார்த்தான். துளி ஆடவில்லை.

“மாமா, உங்க கைக்குத் தங்கக் காப்புப் போடோணுமுங்க” என்றான்.

அன்றைக்கு எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

அதன் பிறகு அது என் பொறுப்பு ஆகிவிட்டது. நான் ஒன்றும் பிறவி மேதை இல்லை, தப்பும் செய்திருக்கிறேன். லாரிப் புத்தியில் அதன் பெரிய பல்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவிவிட்டேன். பிளாஸ்டிக் சக்கரம் அது, கிரீஸ் தேவையே இல்லை. ஏரிப் புழுதி கிரீஸில் ஒட்டி உப்புத்தாளாக மாறி, இரண்டே வாரத்தில் பல்லையெல்லாம் தின்றுவிட்டது. இன்னொருமுறை ஸ்க்ரூவை லாரி போல்ட்டு என்று நினைத்து முறுக்கி மரையைக் கெடுத்தேன். பிறகு கை பழகியது. வால் விசிறிக்குப் போகிற பெல்ட் எவ்வளவு தொய்வாக இருக்கலாம், ஸ்க்ரூவுக்கு எத்தனை துளி பசை விடலாம், இறக்கையைத் திருப்புகிற சின்னக் கம்பிகளின் முனையில் இருக்கும் லிங்க் எப்போது தளரும் என்றெல்லாம் விரல் நுனியே சொல்லிவிடும். ஒவ்வொரு ஞாயிறும் பறந்து முடிந்து பெட்டி என்னிடம் வரும். ஊதிவிட்டு, துடைத்து, ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பேன்.

அவன் பறக்கவிடுவது பனமரத்துப்பட்டி ஏரியில். தண்ணீர் இல்லாத பக்கம் வெட்டவெளியாகக் கிடக்கும், மரமும் இல்லை, கம்பியும் இல்லை. அங்கே எனக்கு ஒரு வேலை உண்டு. ஒரு இறக்கை நுனியில் சிவப்பு டேப், மற்றதில் நீல டேப் சுற்றியிருப்பேன். அவன் அதைக் கண் மட்டத்துக்கு எழுப்பி ஒரே இடத்தில் நிறுத்துவான். நான் இருபதடி தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுழல்கிற வட்டத்தின் விளிம்பைப் பார்ப்பேன். இரண்டு நிறமும் ஒரே கோட்டில் தெரிந்தால் சரி. சிவப்பு மேலே தெரிந்தால் சொல்வேன், இறக்குவான், லிங்க்கை அரைச் சுற்றுத் திருப்புவேன். அதை முடித்துவிட்டால் என் ஜோலி முடிந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் அவன் ராஜ்ஜியம்.

என்னமாய் ஓட்டுவான்! தலைகீழாகத் திருப்பிப் புல்லை உரசிக்கொண்டு போவான். வாலை நட்டமாக நிறுத்தி அப்படியே சுழற்றுவான். ஆடு மேய்க்க வந்தவர்கள், பைக்கில் போகிறவர்கள், சேலத்திலிருந்து ஏரி பார்க்க வந்த குடும்பங்கள் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். செல்போனில் படம் எடுப்பார்கள். எல்லாரும் அவனிடம்தான் கேள்வி கேட்பார்கள். எங்கே வாங்கினது, எவ்வளவு உயரம் போகும், கஷ்டமா என்று. நான் பெட்டிப் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றுகொண்டிருப்பேன். ஒருமுறை ஒருத்தர் என்னிடம் வந்தார். எனக்கு மனசு துள்ளியது. தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

நானும் ஓட்டிப் பார்க்காமல் இல்லை. முதல் வருடமே ஒருநாள் ரிமோட்டை வாங்கினேன். எழுப்பினேன். அது மெதுவாகத் திரும்பி மூக்கை என் பக்கம் காட்டியது. மூக்கு நம்மைப் பார்த்துவிட்டால் எல்லாமே தலைகீழ். இடது பக்கம் சாய்க்க வலது பக்கம் தள்ள வேண்டும். அது தெரிந்துதான் இருந்தது, ஆனால் விரலுக்குத் தெரியவில்லை. நான்கு விநாடியில் தரையில் கிடந்தது. என் கையால் சமன் செய்த இறக்கையை என் கையாலேயே முறித்தேன். அவன் முகம் சுளிக்கவில்லை. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான், இன்னொரு தடவை எடுங்கள் என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த நல்ல குணம்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. அதற்கப்புறம் ரிமோட்டை நான் தொட்டதில்லை.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். அவன் வருகிறான் என்றால் என் மனைவி காலையிலேயே கோழி எடுத்துவரச் சொல்லிவிடுவாள். அவன் அனுப்பிய படங்களைப் பக்கத்து வீட்டிலெல்லாம் காட்டுவாள். என் தம்பி சின்ன வயதிலேயே அப்படி, எதைத் தொட்டாலும் வரும் என்பாள். அதைக் கட்டிக்கொடுத்தது யார் என்று நான் ஒருமுறை சொல்லிக் காட்டினேன். ஆமாம், நீங்களும்தான் கூடமாட உதவி செய்கிறீர்கள் என்றாள். கூடமாட!

எனக்கு இருந்த ஒரே ஆறுதல், நான் இல்லாமல் அது எழும்பாது என்பது. அந்த டம்ளர் வேலை அவனுக்குத் தெரியாது, லிங்க்கை எத்தனை சுற்று என்பது தெரியாது. ஒருநாள் கேட்டான், எனக்கும் காட்டிக் கொடுங்கள் என்று. அதெல்லாம் கைப்பழக்கம், சொல்லி வராது என்று மழுப்பிவிட்டேன். அவனும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். அவன் பறக்கிற ஒவ்வொரு விநாடியும் என் கையில்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு மட்டும் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ ஏரிக்குப் போவதை நிறுத்தியிருப்பேன்.

போன ஆயுத பூஜைக்கு என் கடையில் புது மிஷின் வந்திருந்தது. சக்கரத்தை மாட்டினால் போதும், எந்த இடத்தில் எத்தனை கிராம் என்று திரையிலேயே காட்டும். அதுவரை எங்கள் ரோட்டில் யாரும் போடாத மிஷின். பூஜைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள், லாரி ஓனர்கள், டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். முதல் நாளே வாழைக்கன்று கட்டி, மிஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு, யார் வந்தாலும் முதலில் கண்ணில் படும்படி வாசலுக்கு நேராக நிறுத்தியிருந்தேன்.

மச்சினன் பெட்டியோடு வந்தான். மாமா கடையில் வைத்துப் பூஜை போட்டால்தான் அதற்கும் நல்லது என்றான். என் மனைவிக்கு வாயெல்லாம் பல். புது மிஷினின் தலைமேலேயே அதைத் தூக்கி வைத்தாள். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், கம்ப்ரசர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவள், ஹெலிகாப்டரின் மூக்கில் ஒன்று வைத்தாள். பிறகு இறக்கை நுனிகளில், சிவப்பு டேப் பக்கத்தில் ஒன்று, நீல டேப் பக்கத்தில் ஒன்று. அவள் எதையும் தாராளமாக வைக்கிறவள். கெட்டிச் சந்தனம், மேலே குங்குமம்.

வந்தவர்கள் எல்லாம் நேராக மிஷினிடம்தான் வந்தார்கள். வந்து, அதன் தலைமேல் இருந்ததைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூட விடாமல் அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மிஷினைப் பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால், இருங்கண்ணா என்று சொல்லிவிட்டு அவனிடம் போய் எவ்வளவு வேகம் போகும் என்றார்கள். கடைசியில் தீபாராதனை நேரம். கற்பூரம் ஏற்றிய தட்டை என் மனைவி எடுத்தாள். என்னிடம் தரப்போகிறாள் என்று கையை நீட்டினேன். “நீ காட்டு சாமி” என்று தம்பியிடம் கொடுத்தாள். அவன் தயங்கினான், என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டே காட்டு மாப்ளே என்றேன். என் கடை, என் மிஷின், என் பூஜை. அவன் காட்டினான், எல்லாரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன்.

பூஜைக்கு வைத்த சாமானை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பதால் ஹெலிகாப்டர் கடையிலேயே தங்கியது. மறுநாள் விஜயதசமி. காலையில் நான் மட்டும் போய்க் கடையைத் திறந்தேன். சாம்பிராணி வாசம் இன்னும் இருந்தது. மிஷின் தலைமேல் அது உட்கார்ந்திருந்தது. இறக்கையைத் தடவிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. இரண்டு நுனியிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அவள் கை அளவு எப்போதும் மாறாது. இரண்டும் அப்படியே இருந்தால் பெரிதாக ஆடாது.

ஈரத்துணியை எடுத்தேன். நீல டேப் பக்கத்துப் பொட்டைத் துடைத்தேன். நன்றாக, தடம் தெரியாமல் துடைத்தேன். சிவப்பை விட்டுவிட்டேன்.

ஏதோ நினைவில் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இருபது வருடம் கனத்தைத் தேடுவதே பிழைப்பாக இருந்தவன் நான். நுனியில் ஒட்டிய நகத்தளவு டேப் என்ன செய்யும் என்று தெரிந்தவன். ஆடட்டும், எல்லார் முன்னாலும் ஆடட்டும், என்னிடம் ஓடி வரட்டும், நான் இல்லாமல் ஆகாது என்று நாலு பேர் பார்க்கட்டும். இவ்வளவுதான் நினைத்தேன். பொட்டை அழிக்கிறோமே என்று ஒரு நொடி கை கூசியது. அந்தத் துணியைக் கழுவிக் காயப்போட்டேன். மத்தியானம் அவன் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் ஏரிக்கு வந்தாள். தம்பி ஓட்டுவதை நேரில் பார்த்ததே இல்லை என்று, சாப்பாடு கட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். விடுமுறைக் கூட்டம் வேறு. அவன் ஹெலிகாப்டரைத் தரையில் வைத்து ஓடவிட்டான். வேகம் ஏற ஏற அதன் கால் இரண்டும் மண்ணில் தடதடவென்று அடித்தது, வால் இரண்டாகத் தெரிகிற அளவுக்கு நடுங்கியது. உடனே நிறுத்தினான். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்தபடியே என் பக்கம் திரும்பினான்.

“ஏனுங்க மாமா, இந்த ஆட்டம் ஆடுதுங்களே?”

அந்த இடத்தில் நான் குனிந்து பார்த்திருக்கலாம். அட, பொட்டு என்று துடைத்துவிட்டிருக்கலாம், பேரும் வந்திருக்கும். அதற்காகத்தானே செய்தேன்? ஆனால் அவன் பின்னால் என் மனைவி நின்று, பயப்படாதே சாமி, உனக்கு வராததா என்றாள். நான் குனியவில்லை.

“ஒண்ணுமில்ல மாப்ளே. பெல்ட்டு புதுசு. மேல போனாச் சரியாப் போயிரும், எழுப்பு” என்றேன்.

அவனுக்குக் கையில் தெரிந்திருக்கும், இது சரியில்லை என்று. ஆனாலும் நான் சொன்னதால் எழுப்பினான். ஆள் உயரம் போனது. நடுக்கம் கூடியது. எங்கேயோ ஒரு லிங்க் படக்கென்று கழன்ற சத்தம் கேட்டது. அது சட்டென்று சாய்ந்து, என் மனைவி நின்ற பக்கமாகப் போனது. சுற்றுகிற இறக்கை பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தாள். அவன் அதை அப்படியே தரையில் அறைந்தான். ஹெலிகாப்டரைக் காப்பாற்றப் பார்க்கவே இல்லை, வேண்டுமென்றே அடித்தான். அவளுக்குப் பத்தடி முன்னால் புழுதியில் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, நின்றது.

கூட்டம் உச் கொட்டிவிட்டுக் கலைந்தது. வால் தண்டு மடங்கி, பல்சக்கரம் உடைந்து, இரண்டு இறக்கையும் அடியில் முறிந்து கிடந்தன. அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். இறக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பெட்டியில் வைத்து மூடினான்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அவனைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்தாள். கையில் உப்பும் மிளகாயும். பூஜை அன்றைக்கு அத்தனை பேர் பார்த்தார்களே, எவன் கண்ணோ பட்டுவிட்டது என்றாள். நீங்களும் அதைத் தொடுகிறவர்தானே, பக்கத்தில் நில்லுங்கள் என்று என்னையும் இழுத்து நிறுத்தினாள். நானும் அவனும் தோளோடு தோள் நின்றோம். ஊரார் கண், உறவுக்காரர் கண் என்று முணுமுணுத்துக்கொண்டே மூன்று முறை சுற்றினாள். கையை நீட்டி எங்களைத் துப்பச் சொன்னாள். துப்பினோம். நகராதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுப்பில் போட உள்ளே போனாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்க்காமல், கிழக்கே பார்த்தபடியே பேசினான்.

“அக்கா ரெண்டு ரெக்கைக்கும் பொட்டு வெச்சுது. என்ற போன்ல படம் இருக்குதுங்க மாமா.”

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

“அக்காகிட்டச் சொல்ல மாட்டேனுங்க. ஆனா எழுப்புன்னு சொன்னீங்க பாருங்க.”

அப்போதும் எனக்கு ஒரு புத்தி ஓடியது. என்ன ஆனாலும் இவன் என்னிடம்தான் வர வேண்டும், உடைந்ததைக் கட்ட வேறு ஆள் இல்லை. நானே முழுசாகக் கட்டித் தருகிறேன் மாப்ளே, சமன் பார்த்து, முன்னைவிட நன்றாக என்றேன்.

“வேண்டாமுங்க. நானே கட்டிக்கிறேன்.”

உனக்கு அந்த டம்ளர் வேலை தெரியாதே என்றேன்.

“மொத வருசமே கத்துக்கிட்டேனுங்க மாமா. ரெக்க ஒடைஞ்சப்பவெல்லாம் ஊட்டுல நானே ரெண்டு செட்டுக் கட்டி வெச்சிருக்கறேன். நீங்க ஆசையாச் செய்யறீங்கன்னுதான் கொண்டாந்து குடுத்தது.”

வெட்கம் வந்திருக்க வேண்டும். அதுவும் வந்தது, ஆனால் இரண்டாவதாக. முதலில் வந்தது பழைய எரிச்சல்தான், இதுவரை இல்லாத அளவுக்கு. ஐந்து வருடமாக என் கையில் நிற்கிறது என்று நான் நினைத்த ஒன்றே ஒன்றும் அவன் போட்ட பிச்சை. ஓட்டவும் தெரியும், கட்டவும் தெரியும், தெரியாததுபோல இருக்கவும் தெரியும்.

உள்ளேயிருந்து மிளகாய் வெடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“பாத்தீங்களா, ஒரு பிடி மொளகா போட்டும் நெடியே வரல. பொல்லாத கண்ணுங்க.”

ஆமாம் என்றேன்.